கை நல்லவன், கண் நல்லவன்

இங்கே நியூ ஜெர்சியில் மகளுக்கு ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடம். மறக்க முடியாததைச் சொல்லும் 'அன்ஃபர்கெட்டபிள்' என்ற சொல்லைப் பிரிக்க வேண்டும். அசைகள் ஐந்து: அன்-ஃபர்-கெட்-ட-பிள். அழுத்தம் 'கெட்' மேல். ஆனால் பொருள்படப் பிரித்தால் மூன்றே துண்டு: அன், ஃபர்கெட், ஏபிள். வாய் உடைக்கிற இடம் வேறு, பொருள் உடைகிற இடம் வேறு. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்து நொந்தவர்களுக்கு இது புதிதில்லை.

முன்னால் நிற்கும் 'அன்', இல்லை என்கிறது. கிட்டத்தட்ட அதே ஒலியில், முன்னால் ஒட்டும் ஒரு 'உன்' அந்தமானில் இருந்தது. அதன் பொருள் கை சம்பந்தப்பட்டது.

பாராடாங் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும்தான். அந்தத் தீவின் மொழி புச்சிக்வார். அதற்குத் தெற்கே அதன் உறவுமொழி அகா-பேயா. அங்கே தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் 1902-ல் வெளியிட்ட இலக்கணத்தில் அகா-பேயா உதாரணங்களைப் பாருங்கள். 'பேரிங்கா' என்றால் நல்ல. உன்-பேரிங்கா, கை நல்லவன்: கெட்டிக்காரன். இக்-பேரிங்கா, கண் நல்லவன்: கூர்மையான பார்வைக்காரன். ஓத்-பேரிங்கா, தலையும் நெஞ்சும் நல்லவன்: ஒழுக்கமானவன். அகா-பேரிங்கா, நாக்கு நல்லவன்: பல மொழி பேசத் தெரிந்தவன்! அகா-பேயா என்ற பெயரில் முன்னால் நிற்பதும் அதே வாய்தான்.

நாமும் 'கைதேர்ந்த' என்கிறோம். நமக்கு அது ஒரு சொல்வழக்கு. அவர்களுக்கோ இலக்கணமே அதுதான். உடம்பில்லாத பொருளுக்கும் விலக்கில்லை. 'யோப்' முன்னே 'ஓத்' சேர்ந்தால் பஞ்சின் மென்மை. 'அர்' சேர்ந்தால் விழுந்த மரத்தின் உளுப்பு.

இதை எழுதி வைத்த காலத்திலேயே பேசுகிறவர்கள் கரைந்துகொண்டிருந்தார்கள். 1858-ல் போர்ட் பிளேரில் குடியேற்றம் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், தொற்றுநோய்களில் மடிந்து 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1931-ல் 90. மிஞ்சியவர்களைப் பின்னர் பாராடாங்குக்குக் கிழக்கே ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். அன்விதா அப்பி அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்து, 2013-ல் இலக்கணமாக வெளியிட்டது வடக்குப் பக்கத்து மொழிகளின் கலவையை. அதிலும் உடம்பை ஏழு பகுதிகளாக்கும் முன்னொட்டுகள் இருக்கின்றன. புச்சிக்வார் பேச மட்டும் அங்கே எவரும் மிஞ்சியிருக்கவில்லை.