கறார்

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ங்க'வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கறார். 'இல்லீங்க' என்பது மறுப்பு. 'இல்லை' என்பது கதவைச் சாத்துவது. வங்கிக் கௌண்டரில் உட்கார்ந்து பல வருஷங்களாக இரண்டாவதைத்தான் சொல்லி வருகிறேன். என்னைக் 'கறாரான விமர்சகர்' என்று நண்பரொருவர் எழுதியபோது பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் கிணத்துக்கடவு மார்க்கெட்டில் தக்காளிக்காரர் ஒருவர், "வெலையக் கறாராப் பேசிப்போட்டமுங்க" என்றார். பக்கத்தில் வியாபாரியும் நின்றிருந்தார். இருவர் முகத்திலும் கடுகடுப்பு இல்லை. அப்படியானால் இந்தக் கறார் எது?

அரபியில் இதன் மூலமான 'கரார்', நிலைகொள்ளுதல், அமைதியுறுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. இந்திப் பாட்டுகளில் வரும் 'பேகரார்' நிலைகொள்ளாத மனசு. பாரசீகம், உருது வழியாக இச்சொல் ஒப்பந்தம் என்ற அர்த்தத்தில் இங்கே பரவியது. கிஸ்தி, வசூல், பாக்கி, ரசீது எல்லாம் இதே குடும்பம். 1799-ல் மைசூரிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறிய இந்தச் சீமையில் ஆட்சிதான் மாறியது. கணக்கின் பாஷை தங்கிவிட்டது.

கன்னடத்தில் 'கராரு' இன்றும் ஒப்பந்தம். மேற்கே வேலந்தாவளம் தாண்டினால், மலையாளத்தில் 'கரார்' ஒப்பந்தம், 'கராறுகாரன்' காண்டிராக்டர். நாம் மட்டும் நடுவிலுள்ள ரகரத்தை வல்லின றகரமாக்கினோம். பொருளும் கூடவே இறுகியது. பேசி முடித்த விலை கறார் விலை. அதற்கு மேல் பேரம் கிடையாது. பேரத்துக்கு இடம் தராத குரலும் கறார். கடைசியில் ஆளே கறார். இப்படிப் படிப்படியாக ஒப்பந்தத்தின் இன்னொரு தரப்பு சொல்லிலிருந்து காணாமல் போயிற்று. மார்க்கெட்டில் மட்டும் அந்த இரண்டாவது ஆள் இன்னும் நிற்கிறார்.

நம் விமர்சனத்தில் அவர் நிற்கிறாரா? கறார் என்று நாம் மெச்சுவது பெரும்பாலும் தொனியை. தீர்ப்பின் உறுதிக்கும் குரலின் வறட்சிக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை எழுதியவனுக்கும் தெரியும்படி முன்வைத்து, பிறகு அதிலிருந்து நகராமல் நிற்பதே கறார். அளவுகோலைச் சொல்லாமல் 'இல்லை' என்பது வெறும் வெடுக்கு.

போன வருஷம் ஒரு இளைஞரின் பத்துக் கவிதைகளை 'இவை கவிதைகள் அல்ல' என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பினேன். இன்றும் என் அபிப்பிராயம் அதுவே. ஆனால் ஏன் அல்ல என்று அவருக்கு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடன் என் பேரில் நிலுவையில் இருக்கிறது.