தண்ணீரில் கிழித்த கோடு

"திடல் கட்டிக் கொடுத்தாலும் சேரிப் பையன்கள் வருவதில்லை, அவர்களுக்கு ஆர்வமில்லை" என்ற பேச்சை நாம் காலங்காலமாகக் கேட்டு வருகிறோம். ஒரு பிள்ளை எங்கே விளையாடப் போகிறது என்பதை ஆர்வம் மட்டுமா தீர்மானிக்கிறது? எந்தத் தெருவைத் தாண்டிப் போக வேண்டும், அங்கே யார் நிற்கிறார்கள், போன தலைமுறை அங்கே போனபோது என்ன நடந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அமெரிக்க நீச்சல் குளங்களின் வரலாறு இதற்குச் சாட்சி.

1919 ஜூலை 27. சிகாகோவில் கடும் வெயில். மிச்சிகன் ஏரியில் 25ஆம் தெருவை ஒட்டிய கரை கறுப்பின மக்களுக்கு. 29ஆம் தெருவை ஒட்டிய கரை வெள்ளையருக்கு. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. வழக்கம், அவ்வளவுதான். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் நண்பர்களோடு தெப்பத்தில் மிதந்து கொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லையைத் தெப்பம் கடந்துவிட்டது. கரையிலிருந்த வெள்ளையர் ஒருவர் கல்லெறிந்தார். யூஜின் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைது செய்ய அங்கிருந்த வெள்ளைக் காவலர் மறுத்தார். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1949 ஜூன் 21 அன்று, செயின்ட் லூயிஸ் நகரம் ஃபேர்கிரவுண்ட் பூங்காவின் நீச்சல் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. முதல் நாளே கறுப்பினச் சிறுவர்கள் ஆசையோடு வந்து நீந்தினார்கள். வெளியே வெள்ளையர் கூட்டம் கூடி, கண்ணில் பட்ட கறுப்பினத்தவரையெல்லாம் அடித்தது. மேயர் என்ன செய்தார்? அடித்தவர்களை அடக்குவதற்குப் பதிலாகப் பழைய பிரிவினையையே மீண்டும் கொண்டுவந்தார்.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. நீதிமன்றம் பிரிவினை செல்லாது என்றதும், சேர்ந்து குளிப்பதைவிட யாருமே குளிக்க வேண்டாம் என்று நகராட்சிக் குளங்களை இழுத்து மூடியது. 1971இல் உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற கணக்கில், அது சரியே என்றது. இதற்கிடையே வசதியுள்ள வெள்ளையர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்து, சந்தா கட்டிச் சேரும் மன்றங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் தங்களுக்கென்று குளம் வெட்டிக் கொண்டார்கள்.

நீந்தக் கற்காத தாய் தகப்பன் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விடப் பயப்படுவார்கள். அந்தப் பிள்ளையும் கற்காமலே வளரும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கைப் பாருங்கள்: 10 முதல் 14 வயதுள்ள கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம், அதே வயது வெள்ளையினப் பிள்ளைகளைப் போல 7.6 மடங்கு. சட்டம் மாறிப் பல தலைமுறை ஆன பின்னும் பழைய கோடு உயிர் வாங்குகிறது.

இது நமக்குப் புதிய கதையா? பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் சவுதார் குளத்தில் நம் மக்கள் கால் வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தவர்கள் அடிபட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். தீர்மானம் திறந்ததைத் தெரு மூடியது.

ஆகவே, இனி யாராவது திடல் கட்டித் தருகிறோம் என்று வந்தால் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. அது ஊருக்குள்ளா, சேரிக்கு அருகிலா? போகும் வழி யாருடைய தெரு? சாவி யார் கையில்? நம் பெண் பிள்ளைகள் மாலையில் தனியாகப் போய்த் திரும்ப முடியுமா? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு நம் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பற்றிப் பேசட்டும்.