காத்திருக்கக் கற்ற குழந்தைகள்

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே நோக்குவோர்க்குக் கொடைக்கானல் மலை கோடை வாசத்தலமாகவே தோன்றும். குழந்தைக் கல்வி வரலாற்றிலும் அம்மலைக்கு ஓர் இடமுண்டு என்பதை நம்மவருள் பலர் அறியார்.

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் எதிரி நாட்டவர் ஆயினர். மகன் சிறைப்பட்டார், தாய் சபை வளாகத்தினுள் முடக்கப்பட்டார். ஆகஸ்ட் 31இல், அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளை முன்னிட்டு, ஆங்கில அரசு மகனை விடுவித்தது. பின்னர் 1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். (அவ்வூர் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது, திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது 1985இல்தான்.) இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன துணை நிற்க, பல வயதுக் குழந்தைகள் ஒன்றாய்ப் பயிலும் சிறு பள்ளியொன்று அங்கே நடந்தது.

அம்மையாரின் முறையில் நம் கவனத்துக்குரியது எழுத்தும் எண்ணும் அன்று. அவரது வகுப்பறையில் ஒவ்வொரு கற்றல் கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இது சிக்கனத்துக்காகச் செய்ததன்று. முதலில் எடுத்த குழந்தை தன் வேலையை முடித்து உரிய இடத்தில் வைக்கும் வரை மற்றக் குழந்தை காத்திருந்தாக வேண்டும். ஆசிரியை பறித்துக் கொடுப்பதில்லை, தீர்ப்புச் சொல்வதுமில்லை. மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருப்பதால், சிறியவனின் சட்டைப் பொத்தானைப் பெரியவன் மாட்டி விடுவான். வணக்கம் கூறுதல், குறுக்கே செல்ல அனுமதி கேட்டல் போன்ற நற்பண்புகள், குழந்தை தவறிழைத்த வேளையில் கண்டிப்பாகப் புகட்டப்படாமல், அமைதியான நேரத்தில் விளையாட்டுப் போல நடித்துக் காட்டப்பெறும்.

இதைப் படிக்கையில் நம் மக்தபு நினைவுக்கு வராமற் போகாது. அம்ம ஜுஸ்உ ஓதுகிறவனும் அலிஃப் பே ஓதுகிறவனும் ஒரே பாயில் அமர்ந்திருந்தனர். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்; தன் முறை வரும் வரை ஒவ்வொருவனும் காத்திருந்தான். ஆனால் அக்காத்திருப்பில் பொறுமையைவிடப் பிரம்பின் அச்சமே மிகுந்திருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்கிறது என இப்னு கல்தூன் எச்சரித்தார். பாடம் முடிந்த பின் பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளமே மரத்துவிடும் என்றார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் வளர்த்த சிறு குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அக்குருவியைப் பற்றியே பரிவுடன் வினவியதை நாமெல்லாம் பாடமாய் நடத்துகிறோம். அந்த ஒரு ஹதீஸிலிருந்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அறுபது பயன்களை எடுத்து எழுதினார். குழந்தையின் துயரம் பெரியோர் பொருட்படுத்தத் தக்கது என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமா?

மலையடிவாரச் சமவெளியில் வரலாறு வேறு வழியில் தொடர்ந்தது. காந்தியடிகள் 1931இல் லண்டனில் மாண்டிசோரி அம்மையாரைச் சந்தித்திருந்தார். இம்முறை ஏழைக் குழந்தைகளையும் எட்ட வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால் கருவிகளின் விலை கிராமத்துக்கு எட்டாதது. குஜராத்தில் கிஜுபாய் பதேகாவும் மராட்டியத்தில் தாராபாய் மோடக்கும் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே அதை நடத்திக் காட்டினர். 1947இல் சின்னாளபட்டியருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். பால்வாடிகளும் அதன் பணிகளுள் அடங்கின. 'பால்' என்பது இந்தியில் குழந்தை. நம் மக்கள் காதில் அது பசும்பாலாகவே விழுந்தது! உணவு தரும் இடமென்றே அது பெயர்பெற்றுப் போனதில் அச்சொல்லுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

இந்த வயதில் கற்ற பழக்கங்கள் எவ்வளவு காலம் நிலைக்கும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு, 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தது. பாலர் பள்ளி சென்றோர் அறிவுத்திறன் தேர்வில் பெற்ற முன்னிலை சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. ஆயினும் வேலையில் நிலைத்திருப்பதிலும் குற்றங்களில் சிக்காதிருப்பதிலும் அவர்களே நாற்பது வயதிலும் மேம்பட்டு விளங்கினர். மதிப்பெண் கரைந்த பின்னும் குணம் நின்றது.

இன்று திண்டுக்கல் நகரில் மூன்று வயதுப் பிள்ளை எழுத்துப் பயிற்சி நோட்டுடன் வேனில் ஏறுகிறது. நம் சமுதாயத்தார் நடத்தும் நர்சரிகளும் இப்போட்டிக்கு விலக்கல்ல. அரசும் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. ஏழைப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்புக் கிட்டியது நன்றே. ஆனால் இரண்டு வயதும் ஐந்து வயதும் ஓர் அறையில் கலந்திருக்கும் சாதாரண அங்கன்வாடியைப் பெற்றோர் குறைபாடாகவே காண்கின்றனர். மக்தபுகளிலும் வயதுவாரியாகப் பிரிக்கும் ஆலோசனை நிர்வாகக் கூட்டங்களில் எழுந்து வருகிறது. அறைகள் எத்தனை, உஸ்தாதுகள் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறார்கள். அலிஃப் பே ஓதும் சிறுவனுக்கு இனி அருகிலிருந்து சொல்லிக் கொடுக்கப்போகும் அண்ணன் யார் என்று கேட்பாரைத்தான் காணோம்.