ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டலாமா? கணக்கும் சட்டமும் சொல்வது என்ன?

மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ வாங்கியவர்களில் பலருக்கு, வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதமே ஒரு ஆசை வந்துவிடுகிறது. "டயர் மட்டும் ஒரு சைஸ் பெருசா போட்டா சும்மா கெத்தா இருக்குமே!"

ஆசையில் தப்பில்லை. கரடுமுரடான பாதையில் பெரிய டயருக்கு உண்மையான பலனும் உண்டு. ஆனால் அது வேகமானி, பிரேக், ஸ்டீயரிங் முதல் இன்சூரன்ஸ் வரை பல விஷயங்களைத் தொடும். கடைக்குப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

டயர் எண்ணைப் படிப்பது எப்படி?

245/75 ஆர்16. இது 2020-ல் வந்த தார் ஏஎக்ஸ் மாடலின் டயர் அளவு. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

மொத்த விட்டத்தைக் கணக்கிடுவது சுலபம். அகலத்தின் 75 சதவீதம் 183.75 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் 367.5 மி.மீ. அதோடு 16 அங்குல ரிம், அதாவது 406.4 மி.மீ. ஆக மொத்தம் சுமார் 774 மி.மீ.

அதே காரின் எல்எக்ஸ் மாடலில் 255/65 ஆர்18 டயர். அதன் விட்டம் சுமார் 789 மி.மீ. ரிம் 2 அங்குலம் பெரிதாக இருந்தும் டயரின் மொத்த விட்டத்தில் 15 மி.மீ. வித்தியாசம்தான். பக்கச்சுவரோ 166 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. பாறையிலும் குழியிலும் அடியைத் தாங்குவது பக்கச்சுவர்தான். அதனால் ஆஃப்ரோடு ஓட்டுபவர்கள் பெரிய ரிம்மைவிட உயரமான டயரையே விரும்புகிறார்கள்.

தரை இடைவெளி எவ்வளவு கூடும்?

விட்டம் கூடியதில் பாதிதான். 774 மி.மீ. டயருக்குப் பதில் 265/75 ஆர்16 போட்டால் விட்டம் சுமார் 804 மி.மீ. ஆகும். கூடுதல் 30 மி.மீ. வண்டி உயர்வது 15 மி.மீ. மட்டுமே.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் ஜிம்னி போல முன்னும் பின்னும் திட அச்சு உள்ள வண்டிகளில், அடியில் தாழ்வாகத் தொங்குவது அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். சஸ்பென்ஷனை உயர்த்தினால் பாடி மேலே போகும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தும் நேரடியான வழி டயர்தான். பெரிய டயரின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது.

மீட்டர் பொய் சொல்லுமா?

சொல்லும். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்துத்தான் வண்டி வேகத்தைக் கணக்கிடுகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் டயர் 3.9 சதவீதம் பெரிது. முன்பு மீட்டர் சரியாகக் காட்டியிருந்தால், இப்போது 100 காட்டும்போது வண்டி ஓடுவது கிட்டத்தட்ட 104-ல். பெரும்பாலான கார்களில் மீட்டர் ஆரம்பத்திலேயே சற்றுக் கூட்டித்தான் காட்டும். அந்தப் பாதுகாப்பு இடைவெளியை நீங்கள் கரைத்துவிடுகிறீர்கள். வேகக் கேமரா பார்ப்பது உண்மையான வேகத்தை, உங்கள் மீட்டரை அல்ல.

ஓடிய தூரமும் குறைத்தே காட்டும். மீட்டரில் 10,000 கி.மீ. என்றால் உண்மையில் ஓடியது சுமார் 10,390 கி.மீ. "டயர் மாத்தினதும் மைலேஜ் விழுந்துடுச்சு" என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். மீதி, டயரின் எடையாலும் முரட்டுப் பட்டைகளாலும் வரும் உண்மையான இழப்பு.

இழுவையும் பிரேக்கும் என்ன ஆகும்?

ஜிம்னியில் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், டார்க் 134 நியூட்டன் மீட்டர். தொழிற்சாலையில் வரும் டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. இதற்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கூடும். பெரிய மாற்றம் தெரியாது.

235/75 ஆர்15-க்குத் தாவினால் கூடுதல் 5.8 சதவீதம். எல்லா கியரிலும் சாலையைத் தள்ளும் விசை சுமார் 5.5 சதவீதம் குறையும். மலையேற்றத்தில் அடிக்கடி கியரை இறக்க வேண்டிவரும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிம்னியின் ரிம் அகலம் 5.5 அங்குலம். 235 அகல டயருக்குப் பொதுவாகக் குறைந்தது 6 அங்குல ரிம் தேவை. அதாவது, டயர் செலவோடு ரிம் செலவும் சேரும்.

பிரேக்கிலும் இதே கதைதான். சக்கரத்தின் ஆரம் கூடினால் அதே வேகத்தில் நிறுத்த பிரேக் அதிகம் உழைக்க வேண்டும். கனமான சக்கரத்தின் சுழற்சியை அடக்கவும் கூடுதல் உழைப்பு. குடும்பத்தோடும் லக்கேஜோடும் மலையிறங்கும்போதுதான் இது தெரியும். ஏபிஎஸ், இஎஸ்பி அமைப்புகளும் தொழிற்சாலை டயர் அளவை வைத்தே சரிசெய்யப்பட்டவை. மொத்த விட்டத்தில் 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று துறையில் பொதுவாகச் சொல்வது இதற்காகத்தான்.

உரசல், ஆஃப்செட்: கவனிக்க வேண்டியவை

ஷோரூம் தரையில் நேராக நிற்கும்போது டயர் உரசாது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, ஒரு சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் பாருங்கள். பம்பரின் மூலை, உள் பிளாஸ்டிக் உறை, மட் ஃப்ளாப் ஆகிய இடங்களில்தான் உரசல் தொடங்கும்.

புது ரிம் வாங்கினால் போல்ட் துளைகள் பொருந்துவது மட்டும் போதாது. ஆஃப்செட்டையும் பாருங்கள். ரிம் வண்டியோடு சேரும் பரப்பு, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அது. ஆஃப்செட் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் வீல் பேரிங் மீது சுமை கூடும், குழியில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

டயரின் சுமை எண்ணும் முக்கியம். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும். பழைய டயரில் உள்ள எண்ணைவிடக் குறைந்த எண்ணை வாங்கவே கூடாது.

நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். தாரிலும் ஜிம்னியிலும் 4x4 போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். டயர் அளவு மாறினால் கியர் பெட்டிக்குள் இழுபறிதான். அதனால் ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். அது தொங்குவது பின் கதவில் என்பதால், கீல் தாங்குமா என்றும் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 2019 சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பாதுகாப்பான வழி, உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்டுக்குத் தயாரிப்பாளரே தரும் அளவைத் தேர்ந்தெடுப்பது. அதைத் தாண்டினால், மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியாக இது இருக்கக் கூடாது.

அப்போ மாட்டலாமா, வேண்டாமா?

மாதம் ஒருமுறை வார இறுதியில் மண்பாதையில் போகிறவர் என்றால், அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் பெரும்பாலும் போதும். அதோடு ஒரு சின்ன காற்று கம்ப்ரஸரும் காற்றழுத்தமானியும் வாங்குங்கள். மணலில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிப்பு கூடும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும், அதுவரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

பாறைப் பாதையில் டிஃபரன்ஷியல் அடிக்கடி இடிக்கிறது என்றால் மட்டும் ஒரு சைஸ் பெரிய டயரை யோசிக்கலாம். கெத்துக்காக மட்டும் என்றால், மேலே உள்ள கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.