சரக்கிருப்புத் தரவுத்தளம்

கிடங்கிலோ கடையிலோ உள்ள பொருள்களின் இன்றைய இருப்பையும், அவை வந்துபோன கணக்கையும் சேர்த்துக் காக்கும் கணினிப் பதிவு முறை. இருப்பையே எழுதி வைப்பதா, வரவையும் செலவையும் எழுதி அவற்றிலிருந்து இருப்பைக் கூட்டி எடுப்பதா என்ற கேள்வி இதன் வரலாறு நெடுகத் தொடர்கிறது.

கேள்வி கணினிக்கு மூத்தது. 1494இல் வெனிசில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூல் விவரிக்கும் வணிகர் முறையில், கொடுக்கல் வாங்கல் நாள்வழியில் ஏறிய பிறகே பேரேட்டுக்குப் போகும். காந்த நாடாக் காலக் கணினிகளும் இதை ஒட்டியே நடந்தன: பழைய நாடாவோடு அன்றைய பதிவுகளைச் சேர்த்துப் புதிய நாடா எழுதப்பட்டது, பழையது அழியாமல் கிடந்தது. வட்டு வந்ததும் பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை எழுத முடிந்தது. வேகம் கூடியது, வரலாறு தொலைந்தது.

1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ், சாட்டர்ன் ராக்கெட்டின் உதிரிபாகங்களுக்காக ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் ஆகியவை இத்தகைய தரவுத்தளங்களின் முன்னோடிகள். ஐஎம்எஸ் தரவை மரக்கிளைபோல அடுக்கியது. பாகங்களையும் அவை பயன்படும் திட்டங்களையும் பதியும்போது, பாகத்தின் கீழே திட்டமா, திட்டத்தின் கீழே பாகமா? அடுக்கு மாறினால் நிரல்கள் முடங்கும் என்பதை கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரே தரவை ஐந்து விதமாக அடுக்கிக் காட்டினார். எல்லாவற்றையும் அட்டவணைகளாக்கும் அவருடைய உறவுமுறை மாதிரியே இன்றைய பெரும்பாலான சரக்குக் கணக்குகளுக்கு அடிப்படை.

கணினி அறிஞர் ஜிம் கிரே 1981இல் கணக்கர்களின் பழைய விதியை நினைவூட்டினார்: பதிந்ததைத் திருத்தக் கூடாது, பிழையை எதிர்ப்பதிவால் சரிசெய்ய வேண்டும். வடிவமைப்புக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. ஆனால் கடைசி ஒரு பொருளை இருவர் ஒரே நொடியில் கேட்கும்போது பல ஆண்டுப் பதிவுகளைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நடைமுறையில் இரண்டும் இருக்கும்: வரவு செலவைக் குறிக்கும் அசைவுப் பதிவும் இருப்பு எண்ணும் ஒரே பரிவர்த்தனையில் மாறும். தரவுத்தளங்களுக்கென 1992இல் வந்த டிபிசி-சி வேகச் சோதனையிலும் ஒரு கிடங்குக்கு 1,00,000 பொருள்களின் இருப்பு ஓர் அட்டவணையிலும் ஆர்டர் வரிகள் வேறொன்றிலும் உள்ளன. ஒவ்வொரு வரியும் தனக்குரிய தொகையைத் தானே வைத்திருக்கிறது. பொருளின் இன்றைய விலையை மட்டும் நம்பினால், விலை ஏறும் நாளில் பழைய பில்களும் மாறிவிடும்.

தரவுத்தள மொழிக்கான எஸ்க்யூஎல்:2011 தரநிலை, அட்டவணை வரிகளின் பழைய வடிவங்களைத் தரவுத்தளமே காக்க வழி செய்தது. அது எண் எப்போது மாறியது என்பதைச் சொல்லும். விற்றதா, உடைந்ததா, எண்ணிப் பார்த்தபோது குறைந்ததா என்பதைச் சொல்லாது. அதற்குக் காரணத்தோடு கூடிய அசைவுப் பதிவு தனியாக வேண்டும்.