வாளும் வரியும்

ஜப்பானியப் பழிவாங்கல் படம் ஒன்றைப் பற்றி அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்டார். நான் வேலை பார்ப்பது வங்கியில், நகைக்கடன் மேஜையில். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பதால்தான் எழுதத் தோன்றுகிறது என்றேன்.

படம் தோஷியா ஃபுஜிதாவின் 'லேடி ஸ்னோபிளட்', 1973. மெய்கோ காஜி நடித்தது. வெள்ளைக் கிமோனோ, பனி, ரத்தம், குடைக்காம்புக்குள் ஒளிந்த வாள் - பார்த்தவர் மனத்தில் தங்குபவை இவை. 2003இல் டாரன்டினோ 'கில் பில்' படத்துக்கு இரவல் வாங்கியதும் இவற்றைத்தான், காஜி பாடிய பாட்டு உட்பட. ஆனால் கதையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1873இல் மெய்ஜி அரசு கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. அதற்கு 'ரத்த வரி' என்று பெயர் வந்தது. மெய்யாகவே ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று குடியானவர்கள் பயந்தார்கள், கலகமும் செய்தார்கள். படத்தில், அந்தப் பீதியைக் காசாக்கும் கும்பல் ஒன்று, வெள்ளை உடுத்தி வந்த பள்ளி ஆசிரியனை ஆள்பிடிக்க வந்தவன் என்று சொல்லிக் கொல்கிறது. அவன் மனைவியையும் சீரழிக்கிறது. அவள் சிறையில் பெற்ற மகள் யுகி, தாயின் பழியைத் தீர்ப்பதற்கென்றே வளர்க்கப்படுகிறாள்.

வாளேந்திய பெண்ணைத் திரையின் நடுவில் நிறுத்தியது சாமானிய விஷயமல்ல. ஆனால் அவள் நடுவுக்கு வர வர, வரிக்குப் பயந்த குடியானவர்கள் திரையை விட்டு நழுவிவிடுகிறார்கள். பிரதிநிதித்துவம் என்ற பேச்சில் எனக்குள்ள சங்கடம் இதுதான்: ஒருத்தியைக் காட்டியே பலரை மறைத்துவிட முடியும்.

நம் சரித்திரத்துக்கு வருவோம். 1985 வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சிவகங்கையும் ஒரே ராமநாதபுரம் ஜில்லா. 1772 ஜூனில் காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைக் கொன்றது கம்பெனிப் படை. படை வந்த காரணம், ஆற்காட்டு நவாபு கேட்ட பேஷ்குஷ், அதாவது கப்பம். இங்கேயும் வேர் வரிதான். வேலுநாச்சியார் மகளோடு விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் துணை பெற்று, 1780இல் சீமையை மீட்டார். யுகியின் பழி தாய் வைத்துப்போன சொத்து. நாச்சியாரின் பழி அவருடையதே. பழி தீர்ந்தபின் அவர் ஆட்சியும் செய்தார்.

தமிழ் சினிமாவுக்கு இது போதவில்லை. 1937இல் வந்த 'மின்னல்கொடி'யில் கே.டி. ருக்மணி ஓர் ஆண் கொள்ளைக்காரனின் பெயரையும் உடையையும் எடுத்துக்கொண்ட பிறகே சண்டையிட முடிந்தது. கண்ணதாசன் 1959இல் எடுத்த 'சிவகங்கைச் சீமை' மருது சகோதரர்களின் கதையாயிற்று. நாச்சியாருக்குத் தபால்தலை 2008இல்தான் வந்தது.

ராணிக்கே இப்படி என்றால் உடையாளுக்கு என்ன இருக்கும்? வாய்மொழிதான். ராணி போன வழியைச் சொல்ல மறுத்து வெட்டுப்பட்டவள் அவள்; கொல்லங்குடியில் வெட்டுடையார் காளியாக இருப்பவளும் அவளே; திரும்பி வந்த நாச்சியார் தம் தாலியையே அவளுக்குக் காணிக்கையாக்கினார் - இப்படிச் சொல்கிறார்கள். சரித்திரம் என்று இதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இதைச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது: வெற்றி பெற்ற ராணிக்கு ஒரு கடன் உண்டு, அதை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பானியப் படத்துக்கும் இந்தக் கடன் ஒரு கணம் ஞாபகம் வருகிறது. யுகி கொன்றவனின் மகள், ஏழைப் பெண் கோபுவே, முடிவில் கத்தியோடு வந்து யுகியைக் குத்துகிறாள். அவளுக்கும் பழி இருக்கிறது. அதைச் சொல்ல இன்னொரு படம் வேண்டும்.

புரட்டாசி பிறந்தால் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக்காரர்கள் விதைக்கும் உரத்துக்கும் என் மேஜைக்கு வருகிறார்கள். பெண்கள் தாலிக்கொடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு நிற்கிறார்கள். மதிப்பீட்டாளர் எடை சொல்ல, நான் சீட்டு எழுதுகிறேன். மழை பொய்த்த வருஷம் நகை திரும்புவதில்லை. யாரும் வாள் எடுப்பதில்லை. எடுத்தால் ஒருவேளை படம் எடுப்பார்கள்.

அநியாயத்துக்கு ஆளானவர்கள் இன்றும் கொல்லங்குடிக்குப் போய்க் காளி முன்னால் காசு வெட்டிப் போடுகிறார்கள். வாளில்லாதவர்களின் பழி அது. அதைப் படமெடுக்க வருகிறவர், வெட்டிய காசை மட்டுமல்ல, வெட்டிய கையையும் காட்டட்டும்.