மாண்டவனுக்குப் பதக்கம் ஏன்?

களம் பட்டவனுக்குக் கல் நாட்டியவர்கள் நம் முன்னோர். ஆநிரை மீட்கச் சென்றவன் எந்த ஊரான், எவரோடு பொருதான், எவ்வாறு வீழ்ந்தான் என்பதையெல்லாம் கல்லிலே வெட்டி வைத்தார்கள். செங்கத்திலும் தருமபுரியிலும் அந்த நடுகற்கள் இன்றும் நின்று பேசுகின்றன. ஏன் வெட்டினார்கள்? வீரம் களத்திலே பிறக்கலாம்; ஆனால் எங்கேனும் எழுதி வைத்தால்தான் அது அடுத்த தலைமுறையைக் காணும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

களத்திலே வீரத்தைக் கண்டும், எழுத வேண்டிய இடத்திலே எழுதாமல் விட்ட நாடொன்றின் கதையை இங்கே காண்போம். அந்த நாடு அமெரிக்கா. எழுதப்படாமல் போனவர்கள் அந்நாட்டின் கருப்பினப் போர்வீரர்கள்.

ஹென்றி ஜான்சன் என்றோர் இளைஞர். வட கரோலினாவிலே பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு வந்து, புகைவண்டி நிலையத்திலே பயணிகளின் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். 1917-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரிலே அமெரிக்கா இறங்கியபோது படையிலே சேர்ந்தார். கருப்பர்களுக்கென்று தனியாக வைக்கப்பட்ட படைப்பிரிவு அவருடையது. பின்னர் 369-ஆம் காலாட்படை என்று பெயர் பெற்றது. ‘மக்களாட்சியைக் காக்கும் போர்’ என்று முழங்கிக் கொண்டு கடல் கடந்த அமெரிக்கப் படை, தன் வெள்ளை வீரர்களுக்கு அருகே இந்தக் கருப்பு வீரர்களை நிறுத்த மனமின்றி, அவர்களைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டது. அவர்கள் பிரெஞ்சுத் துப்பாக்கி ஏந்தி, பிரெஞ்சுத் தலைவர்களின் கீழே போரிட்டார்கள்.

1918-ஆம் ஆண்டு மே மாதம், பதினான்காம் நாள் கழிந்து பதினைந்தாம் நாள் புலருமுன், ஆர்கான் காட்டுப் பகுதியிலே ஜான்சனும், நீடம் ராபர்ட்ஸ் என்ற தோழரும் காவல் நின்றார்கள். பன்னிரண்டு பேருக்குக் குறையாத ஜெர்மானியர் இருளிலே சூழ்ந்தனர். ராபர்ட்ஸ் படுகாயமுற்று வீழ்ந்தார். ஜான்சன் எறிகுண்டுகளை வீசினார், தீர்ந்தன. துப்பாக்கியால் சுட்டார், அது இயங்காது நின்றது. அதையே தடியாக்கி அடித்தார், அதுவும் உடைந்தது. இடையிலே செருகியிருந்த கத்தியை உருவினார். ராபர்ட்சைச் சிறைப்பிடித்து இழுத்துச் செல்ல முயன்றவர்கள் மேல் பாய்ந்து தோழரை மீட்டார். பகைவர் ஓடினர். விடிந்தபோது ஜான்சன் உடலிலே இருபத்தொரு காயங்கள்.

பிரெஞ்சு நாடு உடனே அவர் மார்பிலே ‘குருவா தெ கேர்’ எனும் போர்ச் சிலுவைப் பதக்கத்தை அணிவித்தது. அப்பதக்கத்தைப் பெற்ற முதல் அமெரிக்கர்களுள் அவர் ஒருவர். சொந்த நாடு என்ன செய்தது? அவர் படத்தைப் பயன்படுத்திப் போர்ச் சேமிப்பு முத்திரை விற்றது. 1919-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க் வீதியிலே படைப்பிரிவு அணிவகுத்து வந்தபோது, திரண்ட கூட்டம் அவரை வாழ்த்தியது. அவ்வளவுதான். அமெரிக்கப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. படையிலிருந்து விடுவித்துக் கொடுத்த தாளிலே காயங்களைப் பற்றிய குறிப்பும் இல்லை. 1929-ஆம் ஆண்டு ஜூலையிலே ஜான்சன் மறைந்தார். நாற்பது வயதைக்கூட எட்டவில்லை.

“மறதி” என்பீர்களா? மறதியாயிருந்தால் மன்னிக்கலாம். 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டிலே அமெரிக்கப் படைத் தலைமையகத்தோடு இணைந்து பணியாற்றிய பிரெஞ்சு அலுவலர் ஒருவர், பிரெஞ்சுத் தளபதிகளுக்கு ஓர் இரகசியச் சுற்றறிக்கை விடுத்தார். அமெரிக்க வெள்ளையரின் மனம் புண்படாதிருக்க வேண்டுமாம். ஆதலால் கருப்பு அலுவலரோடு நெருங்கிப் பழகாதீர். கருப்பு வீரரை, அதுவும் வெள்ளை அமெரிக்கர் காதுபட, அளவுக்கு மீறிப் புகழாதீர் என்பது அதன் சாரம். அறிஞர் டூபாய்ஸ் தம்முடைய ‘கிரைசிஸ்’ ஏட்டிலே 1919 மே மாதம் அதனை வெளியிட்டு உலகறியச் செய்தார். புகழக் கூடாது என்று ஓலை அனுப்பியவர்கள் பின்னர் மறந்துவிட்டோம் என்றால் நம்பலாமா?

இன்னொருவர் கதையைக் கேளுங்கள். பிரெடி ஸ்டவர்ஸ், தென் கரோலினாவின் வயலிலே உழைத்தவர். அடிமையாக வாழ்ந்தவரின் பேரர். 371-ஆம் காலாட்படையிலே கார்ப்பொரல். 1918 செப்டம்பர் 28 அன்று, பிரான்சிலே 188-ஆம் குன்றைப் பிடிக்கச் சென்ற அணியிலே இருந்தார். கைகளை உயர்த்திச் சரணடைவது போல் நடித்த பகைவர், அருகே வரவிட்டு இயந்திரத் துப்பாக்கிகளைத் திருப்பினர். அணியிலே பாதிப்பேர் சாய்ந்தனர். எஞ்சியவர்களை ஸ்டவர்ஸ் தலைமையேற்று நடத்தி, ஓர் இயந்திரத் துப்பாக்கி நிலையை அழித்து, அடுத்த அகழியை நோக்கி ஊர்ந்தார். குண்டு பாய்ந்த பின்னும் ஊர்ந்தார். உயிர் போகும்வரை தோழர்களை ஊக்கினார்.

அந்நாட்டின் தலையாய வீரப் பதக்கமான ‘மெடல் ஆப் ஆன’ருக்கு அவர் பெயரைத் தலைவர்கள் பரிந்துரைத்தார்கள். பரிந்துரைத் தாள் எங்கோ இடம் மாறிப் போயிற்று! எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது கண்ணில் படவில்லை. பின்னர்ப் படைத்துறை தன் பழைய கட்டுகளை ஆராய்ந்தபோது அது வெளிப்பட்டது. 1991 ஏப்ரல் 24 அன்று குடியரசுத் தலைவர் புஷ், ஸ்டவர்சின் முதிய தமக்கை தங்கையர் கையிலே அப்பதக்கத்தைக் கொடுத்தார்.

இவ்விரண்டு கதைகளையும் கேட்ட பழமைவாதி என்ன சொல்வார்? “அவர்கள் தலையெழுத்து” என்பார். விதி என்பார். நாம் சொல்கிறோம்: இது விதியன்று, விதிமுறை. பதக்கம் வானிலிருந்து விழுவதில்லை. களத்துத் தலைவன் பரிந்துரை எழுத வேண்டும். கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தத் தாள் ஒவ்வொரு படியாக ஏறி வாஷிங்டனை அடைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு மனிதன். அவன் கையெழுத்திடலாம், தரத்தைக் குறைக்கலாம், தாளை இழுப்பறையிலே போட்டு மூடலாம். போட்டு மூடியபின் காலக்கெடு என்றொரு பூட்டு வந்து விழும். “இத்தனை ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, இனி இயலாது” என்று சட்டம் பேசும். எவரும் அநீதி செய்ததாகத் தோன்றாது. எல்லாம் முறைப்படி நடந்திருக்கும்!

பதக்கம் ஓர் உலோகத் துண்டுதானே, அதற்காக இத்தனை பேச்சா என்று எண்ணிவிடாதீர்கள். 1925-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறைக் கல்லூரி ஓர் அறிக்கை எழுதியது. கருப்பினத்தவன் அறிவிலே தாழ்ந்தவன், ஆபத்திலே துணிவற்றவன் என்று அது தீர்ப்புக் கூறியது. ஜான்சனின் இருபத்தொரு காயங்களுக்கு ஏழே ஆண்டுகளுக்குப் பின்! வீரத்தை ஏட்டிலே ஏற்ற மறுத்தவர்கள், ஏடு வெறுமையாயிருக்கும் இடத்திலே கோழைத்தனம் என்று எழுதிக் கொண்டார்கள். பதக்கத்தை மறுத்தது முதற்குற்றம். மறுத்ததன் மேல் இழிவைக் கட்டியெழுப்பியது அதனினும் பெருங்குற்றம். 1948-ஆம் ஆண்டு ஜூலையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிடும் வரையிலே, படையிலே நிறவேற்றுமை கொள்கையாகவே இருந்தது.

ஆகவே இரண்டாம் உலகப் போரிலும் அதே கதை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கருப்பினத்தவர் சீருடை அணிந்தனர். போர்க்காலத்திலும் அதனையடுத்தும் அப்போருக்கென வழங்கப்பட்ட நானூற்றுக்கு மேற்பட்ட தலையாய பதக்கங்களிலே அவர்களுக்குக் கிடைத்தது எத்தனை? ஒன்றுமில்லை. சுழி!

சுழியை மாற்றியவர்கள் யார்? தேடியவர்கள். ரூபன் ரிவர்ஸ் என்ற பீரங்கி வண்டிப் படைவீரர், காலிலே காயம்பட்டும் களம்விட்டு நீங்க மறுத்து, 1944 நவம்பர் 19 அன்று பிரான்சிலே மாண்டார். அவருக்காகத் தாம் எழுதிய பரிந்துரை காணாமற் போனதை அவருடைய வெள்ளைத் தலைவர் டேவிட் வில்லியம்ஸ் மறக்கவில்லை, பல்லாண்டு வாதாடினார். வெள்ளையர் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர் என்பதையும் நாம் இங்கே குறித்தாக வேண்டும். 1993-ஆம் ஆண்டு படைத்துறை, வட கரோலினாவின் ஷா பல்கலைக் கழகத்திடம் ஆராய்ச்சியை ஒப்படைத்தது. கருப்பர் பெரும்பான்மையாகப் பயிலும் கல்விக்கூடம் அது. ஆராய்ந்தவர்கள், படையிலே ஊறியிருந்த இனவேற்றுமையே காரணம் என்று கண்டு, பத்துப் பெயர்களை முன்வைத்தனர். ஏழு ஏற்கப்பட்டன. 1996-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அவர்கள் பொருட்டுக் காலக்கெடுவை நீக்கியது. மனிதன் போட்ட பூட்டை மனிதனே திறந்தான்!

1997 ஜனவரி 13 அன்று வெள்ளை மாளிகையிலே ஏழு பெயர்கள் படிக்கப்பட்டன. ஒரே ஒருவர் மட்டும் எழுந்து வந்தார்: எழுபத்தேழு வயது வெர்னன் பேக்கர். மற்ற ஆறு பதக்கங்களையும் வாங்கப் பிறர் வந்தனர். அந்த அறுவரிலே ஒருவர் ஜான் பாக்ஸ். இத்தாலியச் சிற்றூரிலே பகைவர் சூழ்ந்தபோது, தாம் நிற்கும் இடத்தின் மீதே குண்டு பொழியுமாறு தம் பீரங்கிகளுக்குச் சொல்லி மாண்டவர். இன்னொருவர் எட்வர்டு கார்ட்டர். இளமையிலே கல்கத்தாவிலும் ஷாங்காயிலும் வளர்ந்து, ஸ்பெயின் நாட்டிலே பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டு, பின் ஜெர்மனியிலே ஐந்து காயம் பட்டவர். பொதுவுடைமைக்காரராயிருப்பாரோ என்ற ஐயத்தால் 1949-ஆம் ஆண்டு படை அவரை மீண்டும் சேர்க்க மறுத்தது. 1963-இல் களங்கம் துடைக்கப்படாமலே இறந்தார். அவர் மருமகள் அரசாங்கக் கட்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்து, பதக்கத்தோடு நிறுத்தாமல், 1999-இல் அரசாங்கத்தை மன்னிப்பும் கேட்க வைத்தார்.

ஜான்சனுக்கு என்ன ஆயிற்று? ஆல்பனி நகரத்துப் பழைய போர்வீரர்கள் விடாது கேட்டார்கள். 1996-இல் காயம்பட்டோர்க்குரிய பதக்கம் வந்தது. 2002-இல் இரண்டாம் படிப் பதக்கம் கிடைத்தது. முதற்படிக்குச் சான்று போதாது என்றனர். மேலும் தேடினர். போர் நடந்த சில நாட்களுக்குள், 1918 மே 20 அன்று, தளபதி பெர்ஷிங் அனுப்பிய செய்தியிலேயே ஜான்சனின் செயல் பாராட்டப்பட்டிருந்தது! சான்று எப்போதும் இருந்தது. பார்க்கும் கண்தான் இல்லை. 2015 ஜூன் 2 அன்று, தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து, குடியரசுத் தலைவர் ஒபாமா பதக்கம் வழங்கினார். வாங்குவதற்கு இரத்த உறவினர் எவரும் இல்லை. நியூயார்க் படைப்பிரிவைச் சேர்ந்த வீரரொருவரே பெற்றுக் கொண்டார்.

தேடல் எளிதன்று. 1973 ஜூலையிலே செயின்ட் லூயி நகரத்துப் படை ஆவணக் காப்பகத்திலே மூண்ட தீ, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீரர்களின் கட்டுகளைத் தின்றது. வேவர்லி உட்சன் என்ற கருப்பின மருத்துவ வீரரின் கட்டும் அதிலே போயிற்று. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையிலே, தாம் காயமுற்றிருந்தும் முப்பது மணி நேரம் பிறரைக் காத்தவர் அவர். தீ தின்னாத இன்னோர் இடத்திலே ஒரு குறிப்பு கிடைத்தது: அவருக்குக் குடியரசுத் தலைவரே தம் கையால் அளிக்கத்தக்க பெரிய பதக்கம் உரியது என்று அலுவலரொருவர் அந்நாளிலேயே வெள்ளை மாளிகைக்கு எழுதியது. உட்சன் 2005-இல் இறந்தார். 2024 ஜூனிலே இரண்டாம் படிப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இனி, பகுத்தறிவாளர் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம். “செத்தவனுக்குப் பிண்டம் வைத்தால் அவன் உண்பானா என்று கேட்கும் நீங்கள், செத்தவனுக்குப் பதக்கம் கேட்கலாமா?” நியாயமான கேள்வி. ஜான்சனுக்கு அந்தப் பதக்கம் தெரியாது. தெரியப் போவதும் இல்லை. திதி கொடுப்பவன் செத்தவனைக் கரையேற்றுவதாகச் சொல்கிறான், அது பொய். பதக்கம் கேட்பவன் செத்தவனைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்யைத் திருத்துகிறான், அது கணக்கு. கோழை என்று எழுதிய ஏட்டிலே, வீரன் என்று அரசாங்கத்தின் கையாலேயே எழுத வைக்கிறான். அந்த ஏட்டைப் படிக்கப் போகிறவர்கள் செத்தவர்கள் அல்லர். பள்ளியிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகள்.

திருத்தியது நிலைக்குமா? அதற்கும் காவல் வேண்டும். லூசியானா மாநிலத்துப் படைமுகாம் ஒன்று, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி லியோனிதாஸ் போல்க்கின் பெயரைத் தாங்கியிருந்தது. 2023 ஜூனிலே அதற்கு ஹென்றி ஜான்சன் பெயரைச் சூட்டினர். இரண்டே ஆண்டு! 2025-இல், அதே போல்க் எனும் பெயர் கொண்ட வேறொரு தளபதியைக் கண்டுபிடித்து, பழைய பெயரை மீண்டும் மாட்டிவிட்டனர். பலகையை மாற்றலாம். ஆனால் 2015-இல் எழுதிய ஏட்டை மாற்ற முடியவில்லை. காரணம், அதன் பின்னே சான்று நிற்கிறது.

தோழர்களே! புகழ் மறுக்கப்பட்டவனுக்காக அழுவது இரக்கம். அவன் பெயருள்ள தாளைத் தேடியெடுத்து மேசை மீது வைப்பது தொண்டு. எந்த நாட்டிலே, எந்த இனத்தின் வரலாறு வெறுமையாகக் காட்டப்பட்டாலும், “இவர்கள் ஒன்றும் செய்யவில்லை” என்று உடனே நம்பிவிடாதீர்கள். “எழுதும் கோல் யார் கையிலே இருந்தது?” என்று முதலில் கேளுங்கள்.